கோழிக்கள்ளனைத் தேடின கதை

செத்துப்போனவையைத் தேடிப் பிடிக்கிறதுதான் என்ரை உத்தியோகம். உயிரோடை இருக்கிறவை தாற கரைச்சலைத்தான் தாங்கேலாது. காலமை ரொறன்ரோ மல்வேர்னிலை பஸ் பிடிச்சு, ரெண்டு தரம் மாறி, நிண்டுகொண்டே வேலைக்குப் போற உங்களுக்கு இது விளங்கும். ஊரிலை காணிப் பதிவுக் கந்தோரிலை பழைய உறுதிப் பத்திரங்களை வாசிச்சுப் பழகின கண் எனக்கு. தொண்ணூற்றி மூண்டிலை ரொறன்ரோவிலை ஒரு சின்னக் கந்தோர் என்னை எடுத்தது அந்தக் கண்ணுக்காகத்தான். வெள்ளைக்காரருக்கு அவையின்ரை பூட்டன், பூட்டியைத் தேடிக் குடுக்கிற கந்தோர். அவை இங்கிலீசிலை சொன்னதை நான் எங்கடை பாஷையிலை தாறன்.

மூண்டு கோழி

விட்பியிலையிருந்து டொரத்தி எண்டு ஒரு மனுசி வந்தா. எழுபது தாண்டினவ. அவவின்ரை பூட்டன் தோமஸ் இங்கிலாந்திலை மூண்டு கோழி களவெடுத்து, ஏழு வருஷத் தண்டனையோடை அவுஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏத்தப்பட்டவர். பெண்சாதி ஆன் ரெண்டு பிள்ளையளோடை தனிச்சுப்போனா. அதிலை ஒரு பிள்ளைதான் பிறகு கனடாவுக்கு வந்தது. தோமஸ் குடும்பத்தை மறந்துபோனார் எண்டது வழிவழியா வந்த கதை. டொரத்தியின்ரை அக்கா ஒஷாவாவிலை இருக்கிறா, எண்பத்தெட்டு வயசு. அவ ஒரே பிடி: பெண்சாதியைக் கைவிட்டவன்ரை பேர் குடும்ப மரத்திலை, அந்த வம்சாவளிப் படத்திலை, ஏறக்கூடாது. ஓகஸ்ட்டிலை சொந்தக்காரர் எல்லாரும் கூடுகினம், அந்த மரத்தைச் சுவரிலை மாட்டப்போகினம். அதுக்கு முதல் டொரத்திக்கு உண்மை வேணும்.

"களவெடுத்தது பரவாயில்லை. மறந்தவரோ இல்லையோ, அதை மட்டும் கண்டுபிடிச்சுத் தாங்கோ."

எந்த ஊர்?

கப்பல் பட்டியலுகளிலை அதே முழுப்பேரிலை ஆறு தோமஸ். வயசை வைச்சுத் தேடு எண்டார் முதலாளி பீற்றர். வயசை ஆரப்பா ஒழுங்காச் சொல்லுறது? எங்கடை ஆக்கள் ஒருத்தரைப் பிடிக்கிறது எப்பிடி? எந்த ஊர், ஆரோடை வந்தவர் எண்டு கேட்டால் ஆள் அம்பிட்டுது. நானும் அப்பிடியே டொரத்தி சொன்ன ஊரைப் பிடிச்சுப் போனன். ஒரு தோமசுக்குப் பக்கத்திலை அதே ஊர்க்காரன் ஒருத்தன், அதே கோழிக் கேசிலை மாட்டினவன்! எனக்கு எழும்பி ஆடவேணும் போலை இருந்துது. பட்டியலிலை உயரமும் இருந்தது, சரியா அஞ்சடி. டொரத்தி கதிரையிலை இருந்தால் கால் நிலத்திலை முட்டாது.

"பாத்தீங்களே, என்ரை குட்டைக்கு இவர்தான் பொறுப்பு!"

நேர்சின்ரை கவலை

இடையிலை ஒரு நேர்ஸ் வந்தா, அவுஸ்திரேலியாவிலை பிறந்து இஞ்சை வேலை செய்யிறவ. கைதிப் பூட்டன் இருக்கிறது அங்கை இப்ப பெருமையாம். தனக்கும் ஒருத்தர் வேணுமாம். ரெண்டு கிழமை முறிஞ்சு தேடினன். அவவின்ரை பூட்டன் விலங்கோடை வந்தவரில்லை, விலங்கு பூட்டின ஆள். சிரிக்காமல் சொல்ல நான் பட்ட பாடு!

"பொலிசோ? ஐயோ, இதை நான் அம்மாவுக்கு எப்பிடிச் சொல்லுறது?"

ஃபோம்

தண்டனை முடிஞ்சதோடை தோமசின்ரை சிலமனே இல்லை, ஒரு பதிவிலையும் பேரில்லை. அவன் அங்கை வேறை கலியாணம் கட்டியிருப்பான், ஃபைலை மூடு எண்டார் பீற்றர். எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. என்ரை மனுசியை இஞ்சை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட நான் நாலு வருஷம் ஃபோம் நிரப்பினவன். தூர தேசத்திலை தனிச்சுக் கிடக்கிறவன் முதல் செய்யிறது அதுதானே? அந்தக் காலத்துக் கைதிக்கும் அப்பிடியொரு ஃபோம் இருந்திருக்கும் எண்டு அவுஸ்திரேலியாவுக்குக் கடிதம் போட்டன்.

ரெண்டு மாசத்தாலை பிரதியள் வந்துது. இருந்திருக்குது! பெண்சாதி பிள்ளையளைக் கூப்பிடச் சொல்லித் தோமஸ் மூண்டு தரம் விண்ணப்பிச்சிருக்கிறார். மூண்டு தரமும் அரசாங்கம் ஓம் எண்டிருக்குது. மூண்டு தரமும் இங்கிலாந்து ஊர்ப் பாதிரியார் கீழை ஒரு வரி எழுதியிருக்கிறார்: மனைவி கப்பலேற மறுக்கிறாள். கந்தோரிலை எல்லாருக்கும் முன்னாலை நான் கண்ணைத் துடைச்சுத் துடைச்சுச் சிரிச்சன். வீட்டை போய் மனுசிக்கும் சொன்னன்.

"அவ கெட்டிக்காரி. முதல் கடுதாசிக்கே பெட்டி கட்டின விசரி நான்தான்."

ஒஷாவாவிலை

டொரத்தி என்னையும் காரிலை ஏத்திக்கொண்டு அக்காவிட்டைப் போனா. அக்கா கண்ணாடியைப் போட்டு மூண்டு பிரதியையும் வாசிச்சா. திரும்பவும் முதலிலையிருந்து வாசிச்சா. டொரத்தி என்ரை கையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. மேசையிலை விரிச்சிருந்த குடும்ப மரத்திலை ஆனின்ரை பேருக்குப் பக்கத்திலை ஒரு வெறும் பெட்டி. அக்கா பேனையை எடுத்துத் தங்கச்சியிட்டை நீட்டினா.

"எழுதடி. மூண்டு தரம் கேட்ட மனுசனை இவ்வளவு காலமும் வாசலிலை நிப்பாட்டி வைச்சிருந்தனாங்கள்!"

பிறத்தியாற்றை குடும்பத்து விடுப்பை, வீட்டுக் கதையளை, எங்கடை சனம் காலங்காலமாச் சும்மா விசாரிக்குது, எனக்கு மட்டும்தான் அதுக்குச் சம்பளமும் தந்து, அக்கா அண்டைக்குச் செய்த மாதிரிக் கட்டிப்பிடிச்சு, கேக் துண்டும் வெட்டித் தருகினம்.