எஞ்சின் பின்னால் இருக்க வேண்டும்

போன வாரம் பெர்ன்ஹில்லில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் மகள் ஒரு மாதமாக உட்கார்ந்து நட்டும் போல்ட்டும் முடுக்கிக் கட்டிய கிரேன் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். மஞ்சள் பெயின்ட். உள்ளே அடுக்கடுக்காகப் பல்சக்கரங்கள்.

“ஓடுமா?” என்றேன்.

“ஓடும் அத்தை. ஆனா ஓட்டக்கூடாது. பெயின்ட் உரிஞ்சிரும்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஓட்டக்கூடாத கிரேனுக்குப் பல்சக்கரம் எதற்கு என்று கேட்டும்விட்டேன். பாவம், என்னைச் சமாதானம் செய்யத்தான் பெட்டியைத் திறந்தாள். குப்பென்று தையல் மெஷின் எண்ணெய் வாசம். அந்த வாசம் பட்டால் எனக்கு இன்றும் மூச்சு முட்டும்.

பத்தொன்பது வயதில் ஊட்டியில் ஒரு பொம்மைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கேத்தியில் எங்கள் கேரட் தோட்டத்து மருந்தடிக்கும் பம்பை நான்தான் பிரித்துப் பூட்டுவேன். அந்தத் திமிரில், கடையின் பின்னறையில் இருந்த ரிப்பேர் மேசை மேல் கண் வைத்தேன். அங்கே உட்கார்ந்திருந்தவர் சீசன் முடிந்ததும் நின்றுவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

“முதல்ல ஷோகேஸ்ல ஒரு மலை ரயிலக் கட்டு அம்மிணி,” என்றார் முதலாளி. “சீசன் பூரா ஓடுச்சுன்னா மேசை உனக்கு.”

விற்காமல் கிடந்த துளைபோட்ட இரும்புப் பட்டைகள்தான் சாமான். ஒரு சரிவுப் பலகை, நடுவில் பல்லுப் பல்லான தண்டவாளம், அதைக் கடித்து ஏறும் சக்கரம், சின்ன மோட்டார். எல்லாம் கட்டி, நம் ஊர் மலை ரயில் போலவே எஞ்சினைக் கீழ்ப்பக்கம், பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தேன்.

“ஏன் அம்மிணி, எஞ்சின் எங்கயாச்சும் பின்னாடி நிக்குமா?”

“நம்ம வண்டி தள்ளிட்டுத்தானுங்ணா வருது. கொக்கி கழண்டாலும் பெட்டி எஞ்சின் மேலயே சாஞ்சு நிக்கும்.”

“அது உனக்கும் எனக்கும் தெரியும். டூரிஸ்டுக்கு? முன்னாடி வை. இதென்ன, எலும்புக்கூடாட்ட நிக்குது? தகரம் போட்டு மூடு.”

முன்னால் வைத்தேன். சிவப்புத் தகரம் போட்டு மூடினேன். புகைபோக்கியில் பஞ்சுகூட வைத்தேன். தகரம் பல்சக்கரத்தில் உரசியது, எஞ்சின் குலுங்கியது, பாதி ஏற்றத்தில் கொக்கி கழன்று பெட்டிகள் கடகடவென்று கீழே உருண்டன. பிடித்துத் திரும்ப மாட்ட ஆள் வேண்டுமே. அந்த ஆள் நான்.

ஷோகேஸ் மூன்றடி அகலம். முன்னால் தெருவைப் பார்த்த கண்ணாடி, பின்னால் பலகைக் கதவு. கதவு திறந்திருந்தால் அட்டைப்பெட்டிக் குப்பை தெரியுமாம். அதனால் நான் உள்ளே போனதும் கடைப்பக்கம் தாழ் விழும். பல்சக்கரத்துக்கு விட்ட தையல் மெஷின் எண்ணெய் வாசம் வெளியே போக வழி இருக்காது. ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் பலகையைத் தட்டிவிட்டு, வியாபாரம் ஓயும்வரை காலை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பெட்டி உருண்டால் வெளியே எல்லா வாயும் திறக்கும். சிரிக்கிறார்கள் என்று தெரியும், சத்தம் கேட்காது. நான் குனிந்து பொறுக்குவதற்குத்தான் அதிகச் சிரிப்பு.

ஒரு லீவு நாளில் சாவி வாங்கி வந்து எல்லாவற்றையும் மாற்றினேன். எஞ்சின் பின்னால் போனது. தகரத்தின் அடிப்பக்கத்தை இரண்டு விரல் அளவு வெட்டினேன். உரசல் நின்றது, சக்கரம் பல்லைக் கடித்து ஏறுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. அதைவிட அழகு அந்தக் கடையில் எதுவும் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். இரண்டு முனையிலும் ஒரு தட்டுக்குச்சி வைத்தேன். ரயில் அதில் இடித்ததும் மோட்டார் தானாக எதிர்ப்பக்கம் சுற்றும். மறுநாள் காலையிலிருந்து மதியச் சாப்பாடு வரைக்கும் நான் கை வைக்கவே இல்லை.

பலகையைத் தட்டினேன். “இனி நான் எதுக்குங்ணா உள்ள? பின்னறைக்குப் போறேன்.”

முதலாளி தெருவில் இறங்கி நின்று பார்த்தார். வந்தவர்கள் ஒரு நிமிடம் பார்த்தார்கள், நகர்ந்தார்கள்.

“ஓடுது அம்மிணி. ஆனா ஓடறத எவன் நின்னு பாப்பான்? உருளணும், நீ புடிக்கணும். பழையபடி மாத்திரு.”

“மேசைங்ணா?”

“ரிப்பேருக்கு எவன் வேணா கெடைப்பான். கூட்டம் உன்னாலதான் கூடுது.”

இதோடு விட்டிருக்க வேண்டும். தூக்கிப் போட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். வரவில்லை. எஞ்சினை முன்னால் மாட்டினேன். சரியான இடத்தில் கழல வேண்டும் என்பதற்காகக் கொக்கியைக் குறடால் நானே நிமிர்த்தினேன். அதையும் சுத்தமாகத்தான் செய்தேன்.

அந்த சீசன் முடிவதற்குள் ஒருவர் வந்து நின்றார். நீலச் சட்டை, காலரில் கரி. மலை ரயிலில் எஞ்சினுக்குக் கரி போடுகிறவர் என்று பார்த்ததும் தெரிந்தது. பெட்டிகள் உருண்டன. எல்லாரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் தட்டி என்னைக் கூப்பிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் எதையோ மேலே தள்ளிக் காட்டினார். எஞ்சின் பின்னால், பிள்ளே, பின்னால் என்றன அந்தக் கைகள்.

“தெரியுமுங்க! எனக்குத் தெரியுமுங்க!” என்று கத்தினேன். அவர் காதில் கை வைத்துப் பார்த்தார். கேட்கவில்லை. உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டிக்கொண்டார். நான் ஸ்பேனரை எடுத்து நட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தேன். அவசரத்தில் ஒரு நட்டு பலகைக்கு அடியில் ஓடிவிட்டது. எஞ்சினைப் பின்னால் மாட்டி நிமிர்ந்தபோது அவர் இல்லை. ரயில் அழகாக மேலே ஏறியது. நின்றவர்கள் உருளும் என்று காத்திருந்துவிட்டுக் கலைந்தார்கள்.

தாழ் திறந்தது. “என்ன அம்மிணி, கூட்டத்தக் காணோம்?”

மாற்றி வைத்தேன். இன்னும் இரண்டு சீசன் அங்கேதான் இருந்தேன். கல்யாணம் வந்துதான் என்னை அந்தக் கண்ணாடியிலிருந்து எடுத்தது. எடுத்து எங்கே வைத்தது என்பது வேறு கதை, அது உங்களுக்கு வேண்டாம்.

இப்போது அந்த இடத்தில் சாக்லேட் கடை. பலகைத் தடுப்பைப் பெயர்த்துவிட்டார்கள். பட்டையும் துளையுமான அந்த செட்டும் எங்கேயும் கண்ணில் படவில்லை. அந்த நீலச் சட்டைக்காரரைப் பற்றிக் குன்னூர் ஸ்டேஷனில் இரண்டு தடவை விசாரித்தேன். “பேரு தெரியாம யாரத் தேடறதுங்க்கா? கரி போட்ட ஆளுங்க இப்ப யாருமில்லீங்க,” என்றார் ஒருவர்.

கண்ணாடியைத் தட்டிய அந்த மனிதர் அன்றைக்கு வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஊட்டிக் கடையில ஒரு புள்ள உக்காந்திருக்கா, மலை ரயிலப் பத்தி ஒண்ணுமே தெரியல அவளுக்கு.