பொம்மையில் கத்திய அலாரம்

அக்காவின் நிஜப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருக்கிறது. எங்கள் எல்லாருக்கும் அவள் நொட்டை. சட்டைப் பொத்தான் அரை விரற்கடை இறங்கியிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. நான் ஓட்டும் பள்ளி வேனில் ஏறினால் முதல் திருப்பம் வருவதற்குள் மூன்று குறை சொல்லியிருப்பாள். அந்த வாயை வைத்துக்கொண்டே பதினான்கு வருடமாகச் சம்பளம் வாங்குகிறாள் என்பதுதான் எங்கள் வீட்டு அதிசயம். ஆஸ்பத்திரிக் கருவிகளுக்குப் புரோகிராம் எழுதும் கம்பெனியில் டெஸ்டர். அடுத்தவர் எழுதியதில் நொட்டை கண்டுபிடிப்பதுதான் வேலை.

என்ன வேலை என்று எனக்குப் புரிந்ததும் வேனில்தான். முன்பெல்லாம் அலாரம் அடிக்கும் வேலையை ஒவ்வொரு கருவியின் புரோகிராமுக்குள்ளும் தனித்தனியாக எழுதி வைத்திருந்தார்களாம். இப்போது அதை மட்டும் பிரித்து ஒரே தடவை எழுதிவிட்டார்கள். அதற்கு ‘ரோல்’ என்று பெயர். வேண்டிய புரோகிராம் அந்த ரோலை ஏற்றுக்கொள்ளும். ரோல் தனியாக ஓடாது, ஏற்க ஓர் ஆள் வேண்டும். அதனால் உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு பொம்மைப் புரோகிராமைச் செய்து, அதில் ரோலை ஏற்றி, அலாரம் கத்துகிறதா என்று பார்ப்பாள். பிறகு நிஜக் கருவிகளிடம் ஒரே ஒரு கேள்வி: இந்த ரோலை ஏற்றுக்கொண்டாயா? ஆம் என்று வந்தால் திரையில் பச்சை.

ஒரு விதியும் சொன்னாள். ரோல் கொண்டுவரும் வேலை அதே பெயரில் அந்தப் புரோகிராமுக்குள் ஏற்கெனவே இருந்தால், பழையதுதான் நிற்கும். புதியது பேசாமல் ஒதுங்கிவிடும். பிழை என்றுகூட எங்கும் காட்டாது. “நம்ம வீட்ல என் பேச்சு மாதிரி,” என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். இந்த விதி அவளுக்குத் தெரியாமல் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்பாவுக்கு மூச்சுத் திணறல் வந்து ஆறு படுக்கை வார்டில் சேர்த்தோம். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் இவள் கம்பெனி மானிட்டர். முந்தைய வாரம்தான் அதன் புரோகிராமைப் புதிய ரோலோடு எல்லா ஊருக்கும் அனுப்பியிருந்தார்கள். அக்கா அதைத் தட்டிக்கொடுத்து, “இது இருக்கிற வரைக்கும் அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது,” என்றாள். நானும் நம்பினேன்.

மறுநாள் மதியம் நாலாம் படுக்கைப் பெரியவர் இறந்துபோனார். பார்வையாளர்களை விடாத நேரம். மற்றவர்கள் மருந்து மயக்கத்தில் கிடந்தார்கள். நானும் அக்காவும் அப்பாவை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தோம். வார்டில் ஒரே ஒரு நர்ஸ், இருபத்தைந்து வயது இருக்கும். ஆள் இல்லாததால் தொடர்ந்து இரண்டாவது ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தாள். படுக்கைகளுக்கு முதுகைக் காட்டியபடி மேஜையில் ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தாளாம். நாங்கள் திரும்பி வந்தபோது தலைமை நர்ஸ் அவளை நிற்க வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அலாரம் எதுவும் கேட்கவில்லை என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

யாரும் அக்காவைக் கேட்கவில்லை. இவளாகத்தான் போனாள். “அந்த மெஷின் கத்தாம இருக்காது மேடம். அதை டெஸ்ட் பண்ணதே நான்தான்.”

அந்தப் பெண் அக்காவை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். அசந்து தூங்கிவிட்டேன் போலிருக்கிறது என்று சாயங்காலம் எழுதிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டோம். அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் நாலு மணிக்கு விசாரணை. மனுஷியை நம்பினால் இப்படித்தான், மெஷினை நம்பலாம் என்று அக்கா என்னிடம் சொன்னாள். நானும் தலையாட்டினேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

மறுநாள் இரண்டரை மணிக்கு அப்பாவின் ஆக்சிஜன் முகமூடி நழுவியது. பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியவே இல்லை. உள்ளே நுழைந்த அக்காதான் பார்த்தாள். திரையில் ஆக்சிஜன் அளவு எண்பத்தி நாலு. மஞ்சள் விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை. பாய்ந்து முகமூடியைச் சரிசெய்தாள். எண் மெல்ல ஏறி அப்பாவின் உதட்டில் நிறம் திரும்பியது. ‘அப்பாடா’ என்று நான் உட்கார்ந்தேன். அவள் உட்காரவில்லை.

அப்பாவின் விரலில் இருந்த கிளிப்பைக் கழற்றித் தன் விரலில் மாட்டினாள். திரையில் எதையோ தட்டி, அலாரம் அடிக்க வேண்டிய எல்லையை நூறாக உயர்த்தினாள். அவள் எண் தொண்ணூற்றெட்டு. மெஷின் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியிருக்க வேண்டும். விளக்கு மட்டும் மின்னியது. மூன்று தடவை செய்தாள். மூன்று தடவையும் அதேதான். எல்லையைப் பழையபடி இறக்கி, கிளிப்பை அப்பாவின் விரலில் திரும்ப மாட்டினாள்.

கம்பெனியில் புரோகிராம் எழுதும் பையனுக்குப் போன் போட்டாள். ஐந்து நிமிடத்தில் அவனே கூப்பிட்டான். மானிட்டர் புரோகிராமுக்குள் அலாரம் என்ற பெயரிலேயே பழைய வேலை ஒன்று கிடந்ததாம். ஸ்பீக்கர் இல்லாத காலத்து மாடலுக்கு எழுதியது, விளக்கை மட்டும் மின்ன வைப்பது. விதிப்படி அதுவே நின்று, புதிய ரோல் ஒதுங்கிவிட்டது. பொம்மைக்குள் அப்படி எதுவும் இல்லை, அதனால் அது நன்றாகக் கத்தியது. மானிட்டரிடம் ரோலை ஏற்றாயா என்று கேட்டாள், ஆம் என்றது. கத்து பார்ப்போம் என்று இவள் கேட்கவே இல்லை.

அடுத்து மேனேஜர். இன்றைக்கே சரிசெய்து அனுப்பிவிடலாம், ஆஸ்பத்திரியில் மட்டும் வாயைத் திறக்காதே, திறந்தால் உன் பொறுப்பு என்றார். அக்கா போனை வைத்தாள். எனக்கு உள்ளூரப் பயம். அவள் சம்பளம் இல்லாமல் அப்பாவின் வைத்தியம் நடக்காது. யோசித்துச் செய் என்றேன். எரித்துவிடுவது போல் பார்த்தாள். “நாலாம் நம்பர் கட்டிலைப் பாருடா,” என்றாள். விரிப்பு மாற்றிக் காலியாக இருந்தது.

ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தலைமை நர்ஸிடம் நீட்டினாள். அவர் இரண்டு தடவை படித்தார். அடுத்த நிமிடமே ஒவ்வொரு மானிட்டர் முன்னாலும் ஓர் ஆளை நிறுத்தினார். இந்தத் தாளோடு விசாரணைக்கு நீங்களும் வர வேண்டும் என்றார். மற்ற ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு யார் சொல்வது என்று அக்கா கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை. அக்கா போனில் நம்பர்களைத் தேடித் தேடிக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள். எடுத்தவர்கள் பாதிப் பேர், நம்பியவர்கள் அதிலும் பாதி.

விசாரணை அறைக்கு வெளியே நீள பெஞ்சில் அந்த நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். யூனிபார்ம் இல்லாமல் இன்னும் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தாளோ என்னவோ, “மன்னிச்சிடுங்க மேடம், கண்ணு எப்ப செருகுச்சுன்னே தெரியல,” என்றாள்.

அக்கா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். மெஷின் கத்தவே இல்லை, கத்தாது, தப்பு என்னுடையது என்று திக்கித் திணறிச் சொல்லி முடித்தாள். அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“அப்ப நான் தூங்கலையா மேடம்?”

ஊரில் எல்லாவற்றிலும் நொட்டை சொன்ன வாய் அது. தூங்கவில்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். அந்தப் பெண்ணுக்கு அது போதவில்லை. அக்காவின் கையை விடாமல் மறுபடியும் கேட்டாள்.

“நிஜமாவே நான் தூங்கலையா?”