ஆளை விட்டுவிட்டு வாங்கிய வலை ஊஞ்சல்

என் வீட்டுக்காரர் ஆறடி உயரம். மாந்தோப்புக் காவலில் படுக்க வலை ஊஞ்சல் கேட்டார். தூங்கும்போது அவரை முழம் போட்டு அளந்து, அதே நீளத்தில் பொன்னமராவதியில் வாங்கினேன்.

"படுக்கிறவரைக் கூட்டியாங்க ஆத்தா" என்றார் கடைக்காரர். நாலு பேர் பார்க்க அவரை எப்படிப் படுக்க வைப்பது? கூச்சப்பட்டு, அளந்த நீளத்திலேயே வாங்கி வந்துவிட்டேன்.

கட்டிப் படுத்தால் ஊஞ்சல் தொய்ந்து, அவர் கழுத்து மடங்கி, கால் வெளியே நீட்டிக்கொண்டது.

"என்னையக் கைப்புள்ளைன்னு நெனச்சியா?" என்று கத்திவிட்டு, கொடிக்கயிறு மாதிரி இழுத்துக் கட்டினார்.

"வேணாங்க" என்று எத்தனை தடவைதான் சொல்வது! புரண்டதும் கவிழ்ந்து விழுந்தார். தலைக்குப் பக்கத்திலேயே மண்வெட்டி. ஓடிப்போய் அதை எடுத்துத் தூர எறிந்தேன்.

மறுபடி போனபோது அவரைக் கடையிலேயே படுக்க வைத்தேன். ஆளைவிட மூன்று முழம் கூடுதல் நீளத்தில் வேறொன்று வாங்கினோம். தாழ்வாக, தொய்வாகக் கட்டிக் குறுக்கே சாய்ந்து படுத்தால் உடம்பு நேராக இருக்கிறது.

"இதை மொதல்லயே வாங்கியிருக்கலாம்ல?" என்கிறார். இப்போது செருப்பு வாங்கக்கூட அவரைக் கூட்டிக்கொண்டுதான் போகிறேன்.