காவேரி கையில் ஏறாத வளையல்

தருமபுரிக்கும் இண்டூருக்கும் இடைப்பட்ட ஊர்களில் பெண்களைக் கையளவால் அறிந்தவர் ஜான் பீ. வளையல் கூடையோடு வீடு வீடாகச் செல்லும் அவருக்கு, யார் கைக்கு இரண்டே கால் அங்குல வளையல், யார் கைக்கு இரண்டரை என்பது மனப்பாடம். சோப்பு நுரை தடவி, கட்டைவிரல் எலும்பை உள்ளே மடக்கினால், எத்தனை இறுக்கமான கண்ணாடி வளையலும் உடையாமல் ஏறிவிடும்.

அந்தக் கைத்திறனே 1968ஆம் ஆண்டு அவரை உறுத்தத் தொடங்கியது. வளைகாப்பன்று, பெருத்திருந்த கையில் அவர் அப்படி இறுக்கி வளையல் போட்டுவிட்டு வந்த சென்னம்மாள், எட்டாம் நாள் வலிப்புக் கண்டு இறந்துபோனாள். கருவுற்ற பெண்களின் இரத்த அழுத்தத்தை ஆராய ஒரு பெண் மருத்துவர் அப்போதுதான் தருமபுரிக்கு வந்திருந்தார். வளையல் வாங்கும்போது பேச்சோடு பேச்சாக அவர், "கையும் முகமும் திடீர்னு வீங்கினா அழுத்தம் ஏறியிருக்கலாம். கவனிக்காம விட்டா வலிப்பு வரும்," என்றார். ஜான் பீக்குச் சென்னம்மாளின் கை நினைவுக்கு வந்தது.

இரண்டு மாதம் கழித்து, இண்டூர்ப் பெரியண்ணன் மனைவி காவேரிக்கு வளைகாப்பு. மூன்று வாரத்துக்கு முன் பார்த்து வைத்த அளவு இரண்டே கால். அது இப்போது விரல் முட்டியைத் தாண்டவில்லை. இரண்டரையும் நின்றது. நுரையைத் தொட்ட ஜான் பீயின் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"தல வலிக்குதா, கண்ணு?"

"ரெண்டு நாளா விண்ணுன்னு தெறிக்குதுங்க. கண்ணுல பூச்சி பறக்குது."

"எங்கூட்டுக் களி ஒடம்புல ஒட்டியிருக்குது," என்று மாமியார் மாதம்மாள் சிரித்தார். "ஏ வளையக்காரம்மா, நல்ல நேரம் போவுது, போடு!"

"மூணு வாரத்துக் களிக்கு ரெண்டு அளவு ஏறுமா ஆத்தா? நான் போட மாட்டேனுங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க."

"வளகாப்பன்னிக்கு வெறுங்கையோட அனுப்பவா? இனிமே இந்த ஊர்ல ஆரு உன்னக் கூப்புடுவா?"

"கூப்புடாட்டிப் போவட்டும். இந்தப் புள்ள பொழச்சாப் போதுங்க."

பெரியண்ணன் மனைவியைத் தருமபுரிப் பேருந்தில் ஏற்றினான். ஜான் பீயும் உடன் சென்றார்.

மருத்துவர் காவேரியின் புயத்தில் துணிப்பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். கண்ணாடிக் குழாயில் பாதரசம் விறுவிறுவென ஏறி, மெல்ல இறங்கியது. ஓரிடத்தில் மருத்துவர் அளவைக் குறித்தார். நூற்றெழுபது! "நூத்திநாப்பதே அதிகம்," என்றார் மருத்துவர். ஜான் பீ இமைக்க மறந்தார். உடலுக்குள் ஓடும் குருதியின் சீற்றத்தை ஒரு வெள்ளி இழை வெளியே நின்று சொல்லுமா!

"அளவு மாறினது எப்படித் தெரிஞ்சது?" என்று மருத்துவர் கேட்டார்.

ஜான் பீ, காவேரியின் அளவோடு நிறுத்தாமல், சுற்றுவட்டாரத்தில் கருவுற்றிருந்த இருபத்தாறு பேரின் அளவுகளையும் கடகடவென ஒப்பித்தார். எழுதிக்கொண்டே வந்த மருத்துவர் பாதியில் பேனாவை வைத்துவிட்டு அவரையே பார்த்தார்.

அடுத்த மாதத்துக்குள் அத்தனை பேரையும் சோதித்தார்கள். கை பெருத்திருந்த பதினொருவரில் எழுவருக்கு அழுத்தம் ஏறியிருந்தது. கை பெருத்திராத ஒருத்திக்கும் ஏறியிருந்தது. ஆகவே வீக்கத்தை மட்டும் நம்பலாகாது என்று மருத்துவர் எச்சரித்தார். எனினும் ஆராய்ச்சித் தாளில் வளையல் அளவுக்கென ஒரு பத்தி புதிதாக முளைத்தது. எழுத்தறியாத ஜான் பீ அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

வலிப்பைத் தூண்டாதிருக்க வெளிச்சம் குறைத்த அறையில் காவேரி பத்தொன்பது நாள் படுத்திருந்தாள். இருபதாம் நாள் மருந்து கொடுத்து வலி வரவழைத்தார்கள். நான்கு பவுண்டு எடையில் பிறந்த பெண் குழந்தை, அறை அதிர அழுதது. தாய்க்கு வலிப்பு வரவில்லை.

பேத்தியைப் பார்த்துவிட்டு வெளியே வந்த மாதம்மாள், ஜான் பீயின் முகத்தைப் பாராமல் சொன்னார்:

"ஏரியூர்ல எம்மவ ஆறு மாசமா இருக்குறா. அந்தப் பக்கம் எப்ப போவீங்க?"