பெரிய பலகைக்குக் கீழே ஒரு குட்டிப் பலகை

பெரிய பலகையோடு எனக்கு ஒரு தகராறும் இல்லை. சிவப்பு வட்டத்துக்குள் கோடு போட்டிருந்தால் கூடாது என்று அர்த்தம். முக்கோணம் என்றால் பார்த்துப் போ. அதற்குக் கீழே வெள்ளையாக ஒரு குட்டிப் பலகையை மாட்டி வைத்திருக்கிறார்களே, அதுதான் என் உயிரை வாங்கியது. மேலே நிறுத்தக் கூடாது என்று இருக்கும். கீழே ஒரு அம்பு. அம்பு மேலே பார்த்தால் தடை இங்கிருந்து ஆரம்பம், கீழே பார்த்தால் இதோடு முடிந்தது, இரண்டு பக்கமும் பார்த்தால் நாம் நடுவில் மாட்டியிருக்கிறோம். லைசென்ஸுக்குப் படிக்கிற புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. தரையில் ஓடுகிற வண்டிக்கு மேலே கீழே என்று அம்பு காட்டினால் நான் எங்கே போவது?

மீட்டர் கணக்கு இன்னும் மோசம். நூறு மீட்டர் என்று மட்டும் எழுதியிருந்தால் ஆபத்து நூறு மீட்டர் தள்ளி இருக்கிறதாம். அதே நூறு மீட்டருக்குப் பக்கத்தில் அம்பும் இருந்தால் ஆபத்து நூறு மீட்டர் நீளமாம். லாரிப் படம் போட்ட குட்டிப் பலகையைப் பார்த்தால், தடை லாரிக்கு மட்டுமா, லாரியைத் தவிர மற்ற எல்லோருக்குமா என்று எனக்குப் பிடிபடவே இல்லை. பள்ளிக்கூடம் முழுக்கப் பர்மிய மொழியிலேயே படித்தவள் நான். எழுத்துக்கூட்டத் தெரியாத பிரச்சினை இல்லை. எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, ஒன்றும் விளங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

இந்த வயதில் எனக்கு இந்தத் தலைவலி வந்தது என் வீட்டுக்காரரால். அவர் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃபெரி ஓட்டுகிறவர். காலையில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றி, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுகிற வேனுக்கு யாங்கோனில் ஃபெரி என்று பெயர். எங்கள் வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது. ஏப்ரலில் திஞ்ஞான் புத்தாண்டின் தண்ணீர் விளையாட்டெல்லாம் ஓய்ந்த மறுவாரம், முட்டி வலியில் கிளட்ச் மிதிக்க முடியவில்லை, ஜூனில் பள்ளி திறக்கும்போது நீதான் ஓட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஜூனுக்குள் லைசென்ஸ் வராவிட்டால் பிள்ளைகளை வேறு ஃபெரிக்காரன் கொண்டுபோய்விடுவான். கொண்டுபோனவன் திருப்பித் தர மாட்டான்.

ஆகவே விடிந்ததும் மிங்கலாடோன் பக்கத்துத் தெருக்களில் பழகினோம். எங்கள் வேன் ஜப்பானிலிருந்து வந்த பழசு. இங்கே வண்டிகள் ரோட்டின் வலது பக்கம் போகின்றன, ஆனால் எங்கள் வேனில் ஸ்டியரிங்கும் வலது பக்கம்தான். ஓட்டுகிறவளுக்கு நடைபாதையும் கம்பங்களும் கிட்டத்தில் தெரியும், எதிரே வருகிற வண்டி தெரியாது. முன்னால் போகிற பஸ்ஸைத் தாண்ட வேண்டுமென்றால் இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்து, போகலாம் என்று சொல்ல வேண்டும். இந்த ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் ஓட்டுகிறார்கள். நானும் அவர் சொல்லை நம்பித்தான் ஓட்டினேன்.

அவர் எப்போதும், பொறு, பொறு என்றுதான் சொன்னார். ரோடு காலியாக இருக்கிற மாதிரி எனக்குத் தோன்றும்போதுகூட, பஸ்ஸின் புகையைக் குடித்துக்கொண்டே பின்னால் ஊர்ந்தோம். என்மேல் இத்தனை அக்கறையா என்று ஒருநாள் கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

குட்டிப் பலகைகளை நான் வாசித்துச் சொல்ல, அவர் விளக்குவார். பலகை உன் பக்கம், என்னிடம் என்ன கேட்கிறாய் என்று அலுத்துக்கொண்டாலும் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. அதில்தான் என் குழப்பம் முற்றியது. மார்க்கெட் முனையில் ஒரு கம்பம். திங்கட்கிழமை அங்கே வந்ததும், இங்கிருந்து நிறுத்தக் கூடாது என்றார். அதே வாரத்தில் இன்னொரு நாள் அதே கம்பத்தைத் தாண்டும்போது, இனி நிறுத்தலாம் என்றார். கேட்டால், அன்றைக்கு நீ வேறு கம்பத்தைக் காட்டினாய் என்றார். வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிக்கூடப் பார்த்தேன். எனக்குத்தான் மூளை மழுங்கிவிட்டது என்று முடிவு கட்டினேன். மிஷன் பள்ளியில் படித்த குமாஸ்தாவின் மகள், ஒரு அம்புக்கு அர்த்தம் தெரியாமல் அடுப்படியில் நின்று அழுதேன்.

மே மாதக் கடைசியில் ஒரு காலை. தூரத்தில் ஒரு கம்பம் தெரிந்தது. மேலே சிவப்பு வட்டம், கீழே வெள்ளைப் பலகை. அந்தப் பலகையில் எழுத்து நிறைய இருந்தது, எண்களும் இருந்தன. இத்தனை நீளமாக எழுதினால் வண்டி ஓட்டுகிறவள் எப்போது படிப்பது என்று எரிச்சலோடு, இது என்ன என்று கேட்டேன். அவர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார். லாரிக்கு நேரம் போட்டிருக்கிறான், சாயங்காலம் வரைக்கும் லாரி நுழையக் கூடாது, நமக்கில்லை, போ என்றார். தயக்கமே இல்லாமல் சொன்னார்.

கிட்டே போனதும் வாசித்தேன். இரண்டாம் மாடி, தண்ணீர் வசதி உண்டு, அறை வாடகைக்கு. கீழே போன் நம்பர். யாரோ அட்டையைக் கம்பியால் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாடகை அட்டையை லாரிச் சட்டமாக்கிய மனுஷனைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று திரும்பினேன். நான் ஏன் சிரிக்கிறேன் என்று தெரியாமல் அவரும் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வேனை ஓரம் கட்டினேன். அங்கே நிறுத்தலாமா கூடாதா என்று பார்க்கவில்லை.

"முட்டி வலிங்கிறது பொய்தானே?" என்றேன்.

லுங்கி முனையைத் திருகினார். "வலி இருக்கு," என்றார். அப்புறம், "பலகை இருக்கறது தெரியுது. உள்ள இருக்கறதுதான் கொஞ்சம் மங்கலா இருக்கு," என்றார்.

எத்தனை நாளாக என்று கேட்டேன். போன மழைக்காலத்திலிருந்து என்றார். அப்படியானால் ஒரு பள்ளி வருஷத்தில் பெரும்பகுதி. பிள்ளைகளை வைத்துக்கொண்டா ஓட்டினீர்கள் என்று கத்தினேன். ரோடு மனப்பாடம், ஒரு கீறல் பட்டதா சொல்லு என்றார். பட்டதில்லைதான். அதை அவர் சொன்ன விதம்தான் என்னைப் பயமுறுத்தியது. அவர்மேல் கோபம் கோபமாக வந்தது, பாவமாகவும் இருந்தது. எதை முதலில் படுவது என்று தெரியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் ஒரு யோசனை சொன்னார். உனக்கு லைசென்ஸ் வருகிற வரைக்கும் ஒரு மாதம் நானே ஓட்டுகிறேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துச் சொல்லு, யாருக்கும் தெரிய வேண்டாம். அடுப்பை நினைத்துத்தான் சொன்னார், எனக்குத் தெரியும். ஒரு நிமிஷம் நானும் யோசித்தேன். பிறகு போனை எடுத்து, எங்கள் ஃபெரியில் முதலில் ஏறுகிற சின்னப் பெண்ணின் அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டேன்.

ஜூனில் எங்கள் ஃபெரி ஓடாது என்று பர்மிய மொழியில் சொன்னேன். காரணம் சொல்ல வாய் எடுப்பதற்குள் அந்த அம்மா அழாத குறையாகப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அப்படிச் சொல்லாதீங்க அமா. ஊலே மாதிரி யாரு பிள்ளைங்களைப் பார்த்துக்குவாங்க? சிக்னல் வந்தா என்ன கலருன்னு பிள்ளைங்களைத்தான் சொல்லச் சொல்றாராம். ஒரு நாளைக்கு ஒருத்தர் முறை. என் மக வெள்ளிக்கிழமை எப்ப வரும்னு காத்துக்கிட்டு இருப்பா. பச்சையும் சிவப்பும் அவ உங்க ஃபெரியிலதான் கத்துக்கிட்டா."

அமா என்றால் அக்கா, ஊலே என்றால் மாமா. பிள்ளைகள் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா இன்னும் அவரைப் புகழ்ந்துகொண்டே இருந்தாள். போனை அவரிடம் நீட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் கையை எடுக்கவில்லை.

வாங்கிக்கொண்டார்.

"மகளே," என்றார். "அது விளையாட்டு இல்லம்மா. எனக்குக் கண்ணு தெரியல."