பொட்டு வைத்த ரிவால்வர்

பருத்திப்பட்டைத் தாண்டும்போது செருப்பின் வார் அறுந்துபோனது. இரண்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலை அப்போது இவ்வளவு அகலம் இல்லை. பஸ்ஸில் ஏறியிருக்கலாம். எந்த ஸ்டாப்புக்கு டிக்கெட் கேட்பது என்று தெரியாததால் ஏறவில்லை.

அன்று மதியம் வரை எனக்கு ஒரு வேலை இருந்தது. பூந்தமல்லியில் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி ரிப்பேர் கடை. முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மாதிரிக் கடையில் வேலை பார்ப்பவனின் பெயரையும் விலாசத்தையும் போலீஸ் நிலையத்தில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எனக்கு விலாசம் என்று ஒன்று இல்லாததால் பாய் என்னைப் பற்றி எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. மாலையில் இன்ஸ்பெக்டர் கடைக்கு வருகிறார் என்று ஆள் வந்து சொன்னதும், என் பையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“நீ இங்க இல்ல. இன்னா?”

“சரி பாய்.”

“இன்னிக்கு மட்டும் இல்ல. எப்பவுமே இல்ல.”

“அப்போ இத்தினி மாசமா இங்க அரம் போட்டுகினு இருந்தது யாரு?”

“எலி,” என்றார். சிரிக்கவில்லை. தன்னுடைய மதியச் சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டி அதையும் பையில் வைத்தார்.

இன்ஸ்பெக்டர் வந்தது என்னைத் தேடி அல்ல, ஒரு பழைய ரிவால்வரைப் பார்க்க.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத், தகட்டில் அச்சு அடிக்கும் பிரஸ் ஷாப், பிறகு ஐஸ் கம்பெனி, அண்ணனூர் ரயில் கார் ஷெட்டில் கான்டிராக்ட் கூலி என்று மாறிக்கொண்டே இருந்தேன். யாரும் துரத்தியதில்லை. ஒரு நாள் காலையில் எழுந்தால் அந்த இடத்துக்குப் போகப் பிடிக்காது, அவ்வளவுதான். பாய் என்னிடம் அரம் பிடிக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். கடையின் மாடிப்படிக்கு அடியில் படுத்துக்கொள்ளச் சொன்னார். மழை பெய்தால் கால் பக்கம் நனையும்.

கடைக்கு வருபவை பெரும்பாலும் தோப்புக்காரர்களின் இரட்டைக்குழல் துப்பாக்கிகளும் வங்கிக் காவலர்களின் துப்பாக்கிகளும்தான். ரிவால்வர் எப்போதாவது வரும். வந்தால் பாய் மேஜையைத் துடைத்துப் பச்சைக் கம்பளித் துணியை விரிப்பார்.

அப்படி வந்தவற்றில் ஒன்று மிலிட்டரிக்காரருடையது. வேலூர் பக்கத்து ஆள். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வேப்பம்பட்டில் வீடு கட்டிக்கொண்டு, எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் கன்மேனாக இருந்தார். கன்மேன் என்றால் சொந்த லைசென்ஸ், சொந்தத் துப்பாக்கி. சம்பள நாளில் வங்கியிலிருந்து பெட்டி வரும்போது ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து வருவார். மற்ற நாள்களில் ஆபீஸ் வாசலில் நாற்காலி. துப்பாக்கி இல்லையென்றால் அந்த நாற்காலியும் இல்லை, கேட்டில் கம்பு பிடித்து நிற்கும் வாட்ச்மேன் வேலைதான்.

அவருடைய ரிவால்வர் இங்கிலாந்தில் செய்தது. அவர் வேலை பார்த்த அதிகாரி ஒருவர் ஓய்வு பெற்றபோது முறைப்படி இவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்தது. நான் அதை முதலில் பார்த்தது ஒரு ஸ்பிரிங் உடைந்து வந்தபோது. கட்டைவிரலால் ஒரு நெம்புகோலை அழுத்தினால் பேரல், அதாவது குழல், கீலில் மடிந்து கீழே சாயும். கூடவே தோட்டா போடும் சிலிண்டரின் நடுவிலிருந்து நட்சத்திரம் போன்ற ஒரு தகடு எழும்பிக் காலித் தோட்டாக்களை மொத்தமாக வெளியே தள்ளும். மூடும்போது வரும் ஓசை நல்ல பீரோவின் கதவு சாத்துவது போல, ஒரே ஓசை. மேலே கருநீல மெருகு. வெயிலில் திருப்பினால் நீலம், நிழலில் கறுப்பு. திருகுகளின் தலையில் இருந்த வெட்டுகள்கூட நகம் நுழையாத அளவுக்கு மெல்லியவை.

அந்த ஸ்பிரிங்கால் பட்டபாடு நினைவிருக்கிறது. அதே கம்பெனியின் இன்னொரு உடைந்த ரிவால்வர் பாயிடம் இருந்தது. அதிலிருந்து கழற்றிப் போட்டோம், பொருந்தவில்லை. தேய்த்துப் போட்டோம். டிரிகர் கனத்தது. மறுபடி தேய்த்தோம். அதைச் செய்தவர்கள் ஒவ்வொரு உறுப்பையும் அதன் ஜோடிக்கு மட்டும் பொருந்தும்படி அரம் போட்டிருந்தார்கள். கலந்துவிட்டால் தெரியாது என்பதால் பாடி, பேரல், சிலிண்டர் என்று ஒவ்வொன்றிலும் அதே நம்பரைப் பொடி எழுத்தில் அடித்திருந்தார்கள்.

அப்போதுதான் நம் நாட்டுத் தொழிற்சாலையில் செய்த ரிவால்வரும் விற்பனைக்கு வந்திருந்தது. வேப்பம்பட்டு, திருநின்றவூர் பக்கம் வயல்களைப் பிளாட் போட்டு விற்றவர்கள் முதலில் கார் வாங்கினார்கள், அடுத்து இதை வாங்கினார்கள். அதிலும் ஒன்று பாயிடம் வந்தது. உள்ளே கட்டர் ஓடிய கோடுகள் அப்படியே இருந்தன. டிரிகரை இழுக்கக் கிணற்றில் வாளி இழுப்பது போல இருந்தது. ஆனால் ஸ்பிரிங் உடைந்தால் புதிது வாங்கிப் போடலாம், அப்படியே உட்காரும். அரம் தேவையில்லை. இரண்டுக்கும் தோட்டா ஒன்றுதான். அந்தத் தோட்டாவுக்கு எது கருநீலம், எது கட்டர் கோடு என்று தெரியப்போவதில்லை. எனக்குப் பழையதைப் பிடித்திருந்தது. என்னிடம் ஒன்று இருந்து, உடைந்தால் நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றால் புதியதைத்தான் வாங்கியிருப்பேன்.

மிலிட்டரிக்காரருக்கு வந்த சிக்கல் ஆயுத பூஜையால் வந்தது. வருடா வருடம் ரிவால்வரைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துப் பாடியின் வலப்பக்கம் மூன்று சந்தனப் பொட்டு வைத்து, மேலே குங்குமம் வைப்பார்கள். ராத்திரி முழுக்க ஈரச் சந்தனம் இரும்பின்மேல் இருக்கும். மறுநாள் துடைப்பார்கள். பல வருடங்களில் அந்த மூன்று இடத்திலும் துரு ஏறி மூன்று தழும்பாகிவிட்டது. அவருடைய மருமகன் மண்ணூர்பேட்டையில் ஒரு பஃபிங் கடையில் வேலை பார்த்தவன். சுழலும் துணிச்சக்கரத்தில் பித்தளைக் குழாய்களைத் தேய்த்து மினுக்கும் கடை. பூஜைக்கு முந்தின நாள் அங்கே கம்பெனி வேலை நடக்காது. அவரவர் வீட்டுக் குத்துவிளக்கு, சைக்கிள் மட்கார்டு, சொம்பு என்று கொண்டுவந்து தேய்த்துக்கொள்வார்கள். “குடு மாமா, துரு மட்டும் எடுத்துட்டு வரேன்” என்று அவன் கேட்டான். இவரும் கொடுத்துவிட்டார்.

துரு போயிற்று. கருநீலமும் போயிற்று. சக்கரத்தில் வைத்தவனுக்குக் கை நிற்கவில்லை. மேலே நிக்கல் முலாமும் ஏற்றி, கல்யாண வீட்டுப் பன்னீர்ச் சொம்பு போலக் கொண்டுவந்தான். வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. மிலிட்டரிக்காரருக்கும்தான். பட்டாளத்தில் பளபளப்பு என்றால் ஒழுங்கு. அந்த வருடமும் மூன்று பொட்டு வைத்தார்கள்.

அடுத்த மாதம் லைசென்ஸ் புதுப்பிக்கப் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார். ஏட்டு லைசென்ஸில் இருந்த நம்பரைப் படித்துவிட்டுப் பாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாடியில் நம்பர் இல்லை. நம்பர் அழித்த துப்பாக்கி என்றால் அது திருட்டுத் துப்பாக்கி என்றுதான் சட்டம் நினைக்கும். லைசென்ஸ் உள்ள ரிப்பேர் கடையில் பரிசோதித்து எழுதி வாங்கி வா என்று அனுப்பினார்கள்.

நான் எலியான அன்று காலை மிலிட்டரிக்காரர் வந்து மேஜைமேல் அதை வைத்தபோது பாய் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா மிலிட்டரி, யாருக்கு வரதட்சணை இது?”

“விளையாடாத பாய். என் வேல போயிடும்.”

பாய் கழற்றினார். பேரலின் கீலுக்குள், துணிச்சக்கரம் நுழையாத இடத்தில், நம்பர் அப்படியே இருந்தது. சிலிண்டரின் பின்முகத்தில் பாதி தேய்ந்து, படிக்கும்படி இருந்தது. பாடியில் இருந்தது மட்டும் சுத்தமாக இல்லை.

“ரெண்டு இடத்துல கீதுல்ல? போதும்ல?”

“நான் இருக்கறத எழுதித் தரேன். இல்லாதத எழுத முடியாது.”

“உங்கிட்ட நம்பர் பஞ்ச் கீதே பாய். பாடில ஒரு தட்டு தட்டிடு. அதே நம்பர்தான? பொய்யா சொல்லப் போறோம்?”

“தட்டினா நான் உள்ள, நீ எதுர் ரூம்ல. கம்பி வழியா பேசிக்கலாம்.”

பாய் தொழுகைக்குப் போன நேரத்தில் மிலிட்டரிக்காரர் என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீ பிரஸ் ஷாப்புல இருந்தவன்னு சொன்னியே.”

“இருந்தேன் நைனா.”

“எம்மாம் நேரம் ஆவும்?”

நேரம் ஆகாது என்று எனக்குத் தெரியும். நம்பர் அடிக்கும் பஞ்ச் டிராயரில்தான் இருந்தது. கீலுக்குள் இருந்த நம்பரை மறுபடி பார்த்தேன். கடுகு அளவு எழுத்து, ஒவ்வொன்றும் ஒரே ஆழம், ஐந்தின் வாலில் ஒரு சின்னச் சுழிப்பு. எங்கள் பஞ்ச் எழுத்து தண்ணீர் மீட்டரில் அடிப்பது போலப் பெரியது, மொத்தையானது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும். அவரிடம் அதைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

“வெள்ளக்காரன் உள்ளார இன்னாத்துக்கு இத்தினி அழகா அடிச்சான்? எவன் பாக்கப் போறான்னு?”

பாய் வந்து பரிசோதனையை எழுதிக் கொடுத்தார். மிலிட்டரிக்காரர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனார். இன்ஸ்பெக்டர் அதைப் படித்துவிட்டு, மாலையில் தானே கடைக்கு வந்து கழற்றிப் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார். அதன் பிறகுதான் நான் எலியானது.

ஆவடிக்கு முன்னால் ஒரு டீக்கடையில் பாயின் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் தாழ்ந்ததும் மிலிட்டரிக்காரர் சைக்கிளில் வந்தார். என்னைக் கண்டு இறங்கினார். இடுப்பில் உறை காலியாக இருந்தது.

“வாங்கி வச்சிகினாங்களா நைனா?”

“கேஸு இல்ல. உள்ளார நம்பர் சரியா கீதுன்னு அவரே கண்ணாடி வச்சிப் பாத்துட்டாரு. அந்த வெள்ளக்காரன் புண்ணியம். ஆனா பாடில நம்பர் இல்லாம திருப்பித் தர முடியாதாம். மேல எழுதி, உத்தரவு வர்ற வரிக்கும் ஸ்டேஷன் பீரோலயே இருக்கட்டும்ன்ட்டாரு.”

“எப்போ வரும்?”

“வரும்போது வரும்.” டீ சொன்னார். “கம்பெனிக்குப் போன் போட்டேன். நாளையிலருந்து கேட்டுல நில்லுன்றாங்க. கம்பு அவங்களே குடுப்பாங்களாம். அதுக்கு லைசென்ஸு வாணாம், சந்தோஷம்.”

“புதுசு ஒண்ணு வாங்கலாமே. பாய்கிட்ட வந்துச்சே, அந்த மாதிரி.”

“ஒரு தபா புடிச்சிப் பாத்தேன். கையில உக்காரல தம்பி. இன்னொருத்தன் கையப் புடிச்சிகினு இருக்கறா மாரி கீது. உக்கார்ந்தாலும் அதுக்கு நான் பிளாட்டு விக்கணும்.” டீயை ஊதிக் குடித்தார். பிறகு மருமகனைப் பற்றிச் சொன்னார். விசாரணை வரும் என்று பயந்து பஃபிங் கடைக்காரன் அன்று மதியமே அவனை நிறுத்திவிட்டானாம். “ஊட்டுல குந்திகினு கீறான். என் மூஞ்சியப் பாக்காம செவுத்தப் பாத்துகினு.”

“திட்டுனீங்களா?”

“நான்தான குடுத்தேன். எதுக்குத் திட்றது?” எழுந்து சைக்கிளை நகர்த்தினார். “நீ எங்க போற?”

“தெரியல நைனா.”

“அந்தக் கடையில சக்கரம் சும்மா கீது. ஆளு தேடுவான்.”

“எனக்கு பஃபிங் தெரியாதே.”

“அவனுக்கு மட்டும் தெரிஞ்சிதா?” என்றார். அன்று அவர் சிரித்தது அப்போதுதான்.

ஆவடி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் படுத்தேன். காலையில் முதல் வண்டிகளில் ஒன்றில் அம்பத்தூர் போய், அங்கிருந்து எஸ்டேட்டுக்கு நடந்தேன். மிலிட்டரிக்காரரின் தொழிற்சாலை வழியில்தான் இருந்தது. அவர் கேட்டில் நின்றிருந்தார். சலவை செய்த அதே காக்கி, காலில் முகம் தெரியும் பூட்ஸ், கையில் மூங்கில் கம்பு. ஒரு லாரிக்காரன் ஆரன் அடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கம்பைக் கொஞ்சம் தூக்கிக் காட்டிவிட்டு லாரிக்குக் கதவைத் திறக்கப் போனார்.

மண்ணூர்பேட்டையில் பஃபிங் கடைக்காரன் என் கையைத் திருப்பிப் பார்த்தான். அரம் பிடித்த காய்ப்பு இருந்ததால் வேறு எதுவும் கேட்கவில்லை. மூக்கைக் கட்டிக்கொள்ள ஒரு பழைய லுங்கித் துண்டைக் கொடுத்து, தண்ணீர்க் குழாய்கள் குவித்திருந்த கூடையைக் காலால் தள்ளினான்.

“எழுத்து இருந்தா தொடாத. சுத்தித் தேய். இதுக்கு முன்ன யாருக்கும் சொன்னதில்ல, உனக்குச் சொல்றேன்.”

முதல் குழாயை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் கம்பெனி முத்திரை. அதைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு மறுபக்கத்தைச் சக்கரத்தில் வைத்தேன்.