ஜமால் பாய் கண்ட சுற்றுவழி

பணிமனையில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். செல்வம் ஓடிவந்தான். "நம்ம ஜமால் பாய் போயிட்டாருங்க. சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் எடுக்கறாங்களாம்." போன வாரம்வரை எங்களோடு அதே பெஞ்சில் சாப்பிட்டவர். பிசைந்த சோற்றை அப்படியே மூடிவைத்தேன்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய சுற்றுவழியும் தெரியும். மந்தாரக்குப்பம் சாலைக்கு நடுவில் தடுப்புச்சுவர் எழுப்பியதும், சுரங்கத்துக்கு மொபெட்டில் போய்வரும் எங்களுக்கு வந்தது வினை. வண்டிகள் எதிரே வரும் எதிர்ப்பக்கத்தில் நுழைந்தால் சட்டென்று போய்விடலாம். முறைப்படி போனால் மேம்பாலம் ஏற வேண்டும். பின்னால் ஓர் ஆள் இருந்தால் மொபெட் பாதி ஏற்றத்திலேயே திணறும்; முதுகுக்குப் பின்னால் நிலக்கரி லாரி ஹாரன் அடிக்கும்.

ஜமால் பாய் விடுமுறை நாட்களில் மனைவியை ஏற்றிக்கொண்டு வேறு வழி தேடினார். "நான் மட்டும் போனா போதுமா? குடும்பத்தோட போவணும்ல" என்பார். குவார்ட்டர்ஸில் எந்தக் கேட்டை எப்போது மூடுவார்கள், மழையில் எங்கே தண்ணீர் நிற்கும் என்றெல்லாம் பார்த்தார். போக்குவரத்துப் போலீசிடமே போய், "இந்தத் தெரு ஒருவழி இல்லீங்களே?" என்று கேட்டு உறுதிசெய்துகொண்டார். குவார்ட்டர்ஸ் தெருக்களுக்குள் புகுந்து போகும், லாரியும் மேம்பாலமும் இல்லாத ஒரு வழி அகப்பட்டது. கொஞ்சம் சுற்று, அவ்வளவுதான்.

அதற்குக் 'காசி யாத்திரை' என்று பெயர் வைத்தது நான்தான். "பாய் வழியில போனா ஷிப்டே முடிஞ்சிடும்" என்று கேலி செய்வேன். அவர் கோபித்ததில்லை. "லாரிக்காரன் அந்தப் பக்கத்துல உன்ன எதிர்பாக்கலப்பா. மத்ததெல்லாம் அப்புறம்" என்று சொல்லி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தனியாகச் சுற்றிப் போவார்.

அவர் இறந்த அன்று அனுமதி வாங்கிப் புறப்படவே நேரமாகிவிட்டது. மண் போடுவதற்குள் போய்ச்சேர வேண்டுமே என்ற பதற்றம். பழக்கதோஷம், நான் எதிர்ப்பக்கத்தில் திருப்பினேன். ஏழெட்டு மொபெட்டுகள் பின்னால் வந்தன. வளைவு தாண்டியதும் எதிரே ஜமால் பாயின் ஜனாஸா ஊர்வலம். தங்களுக்குரிய இடது ஓரத்தில் அவர்கள் சரியாகத்தான் வந்துகொண்டிருந்தார்கள்.

எங்களுக்கு ஒதுங்க இடமில்லை, பக்கத்திலேயே சாக்கடை. முன்னால் வந்த பாயின் மகன் என்னை அடையாளம் கண்டுகொண்டான்.

"அப்படியே நில்லுங்க மாமா. அத்தா வர்றாங்க."

அதட்டியிருந்தாலாவது தேவலை. எங்களைத் தாண்டிப் போவதற்காக, உடல் இருந்த சந்தூக்கைத் தோளில் சுமந்தவர்கள் நடுச்சாலைக்கு விலகினார்கள். ஊர்வலத்துக்குப் பின்னால் வந்த லாரி ஒன்று பிரேக்கடித்து நின்றது. ஆயுள் முழுக்க அந்தப் பக்கமே போகாத மனிதரை, கடைசியில் லாரிக்கு முன்னால் தள்ளிவிட்டோம். தலையைத் தூக்க முடியவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் அவர் வழியிலேயே வீடு திரும்பினோம். மறுநாள் காலை ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று பாதிப்பேர் மறுபடியும் எதிர்ப்பக்கம் போனார்கள். அவர்களைக் கண்டிக்க எனக்கு வாயில்லை.

நான் சுற்றித்தான் போகிறேன். திருந்திவிட்டேன் என்று யாரும் மெச்ச வேண்டாம். அந்தத் திருப்பத்துக்கு வந்தாலே, எனக்கு வழிவிட நடுச்சாலைக்கு விலகிய அந்தத் தோள்கள் கண்ணில் தெரிகின்றன.